கட்டைவிரலா, இருவிரலா, தாங்குதட்டா? ஹெலிகாப்டர் ஓட்டுபவர் டிரான்ஸ்மிட்டரைப் பிடிக்கும் முறைகள்: ஓர் ஒப்பீடு

ரேடியோ கட்டுப்பாட்டு ஹெலிகாப்டருக்குப் புதிதாக வருபவர் எந்த அளவு ஹெலிகாப்டரை வாங்குவது, எந்த நிறுவனத்தின் டிரான்ஸ்மிட்டரை (இரண்டு ஸ்டிக்குகள் கொண்ட கைக்கட்டுப்பாட்டுக் கருவியை) எடுப்பது, எந்த ஸ்டிக்கில் எந்தக் கட்டளை என்பதை நிர்ணயிக்கும் மோடு 1 வேண்டுமா மோடு 2 வேண்டுமா என்பதையெல்லாம் பலரிடம் கேட்டு, பலமுறை யோசித்து முடிவு செய்கிறார். அந்த டிரான்ஸ்மிட்டரைக் கையில் எப்படிப் பிடிப்பது என்பதை மட்டும் முதல் நாள் கை போன போக்கில் விட்டுவிடுகிறார். சில வாரங்களில் அது பழக்கமாக இறுகிவிடுகிறது, பிறகு மாற்றுவது கடினம். சாதாரணப் பயிற்சி விமானத்தை ஓட்டுபவருக்கு இதனால் பெரிய இழப்பில்லை. ஸ்டிக்கைச் சற்று விட்டாலும் அந்த விமானம் தானாக நேராகிப் பறக்கும். ஹெலிகாப்டரோ கலெக்டிவ் (பிளேடுகளின் கோணத்தை ஒருசேர மாற்றி ஏற்றி இறக்குவது), ரட்டர் (வாலைத் திருப்புவது), முன்பின் சைக்ளிக், பக்கவாட்டுச் சைக்ளிக் (ஹெலிகாப்டரை அந்தந்தத் திசையில் சாய்ப்பது) என்ற நான்கு கட்டளைகளையும் பறக்கும் நேரம் முழுவதும் இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே விரல் ஸ்டிக்கின் மேல் எங்கே அமர்கிறது என்பது இங்கே உடனுக்குடன் வானில் தெரிந்துவிடும்.

நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. டிரான்ஸ்மிட்டரின் இரு பக்கங்களையும் உள்ளங்கையாலும் நான்கு விரல்களாலும் ஏந்தி, கட்டைவிரல் நுனியை ஸ்டிக்கின் தலையில் வைத்து ஓட்டுவது முதல் வழி. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஸ்டிக்கைப் பிடித்து ஓட்டுவது இரண்டாவது. டிரான்ஸ்மிட்டரை வயிற்றுக்கு முன்னால் தொங்கும் தட்டில் அமர்த்தி, கைகளை அத்தட்டின் மேல் ஓய்வாக வைத்து ஓட்டுவது மூன்றாவது. கட்டைவிரலை ஸ்டிக்கின் தலையில் வைத்துச் சுட்டுவிரல் நுனியைப் பக்கவாட்டில் இலேசாகத் தொட்டிருக்கும் கலப்புப் பிடியும் உண்டு. நீண்டகாலமாகக் கட்டைவிரலால் ஓட்டியவர்கள் பலர் தாம் அறியாமலே இதற்கு வந்து சேர்கிறார்கள்.

இந்த விவாதம் எப்போதும் விரல்களைப் பற்றியதாகவே நடக்கிறது. என் கருத்தில், முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: டிரான்ஸ்மிட்டரின் எடையைத் தாங்குவது எது? கையா, கழுத்தா, இடுப்பா? அதற்கு விடை கிடைத்த பிறகே எந்த விரல் பிடி நமக்குச் சாத்தியம் என்பது தெளிவாகும். அதற்கு முன், ஸ்டிக் நுனியில் எவ்வளவு நுட்பம் தேவைப்படுகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டிவிடுகிறேன்.

3டி பறத்தலுக்கு (தலைகீழாகவும் பறக்கும் வித்தைகளுக்கு) அமைத்த ஒரு பெரிய ஹெலிகாப்டரில் மெயின் ரோட்டார் பிளேடுகளின் கோணம் கீழே கழித்தல் 12 டிகிரியிலிருந்து மேலே கூட்டல் 12 டிகிரி வரை செல்லும். ஸ்டிக் நுனி கீழிருந்து மேலே செல்லும் பாதை ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 24 டிகிரி முழுவதும் அந்த 30 மில்லிமீட்டருக்குள் அடங்கியாக வேண்டும்; அதாவது விரல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் பிளேடு கோணம் 0.8 டிகிரி மாறுகிறது. ஹோவருக்கு (வானில் ஒரே இடத்தில் நிற்பதற்கு) தேவைப்படுவதே பெரும்பாலும் 5 அல்லது 6 டிகிரிதான் என்பதால், அந்த ஒரு மில்லிமீட்டர் ஹெலிகாப்டரைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு உயர்த்தவோ தாழ்த்தவோ செய்யும். ஸ்டிக்கை நீட்டி நுனியின் பாதையை 40 மில்லிமீட்டராக்கினால் அதே மில்லிமீட்டர் 0.6 டிகிரி ஆகிறது. விரலின் வேலை கால் பங்கு மென்மையாகிவிடும். ஆனால் முழுப் பாதையையும் கடக்க விரல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தூரம் பயணிக்க வேண்டும். பிடிகளுக்கு இடையிலான வேறுபாட்டில் பாதி இந்தக் கணக்குக்குள் அடங்கியிருக்கிறது. கட்டைவிரல் பிடி குட்டையான ஸ்டிக்கைக் கேட்கிறது, இருவிரல் பிடி நெட்டையான ஸ்டிக்கைக் கேட்கிறது.

கட்டைவிரல் பிடியின் பெரிய பலம் அது எந்த உதவியும் இல்லாமல் இயங்குவது. எட்டு விரல்களும் இரண்டு உள்ளங்கைகளும் எடையைப் பிடித்துக்கொள்வதால் கழுத்துப் பட்டையோ தட்டோ வேண்டியதில்லை. கேம் கன்ட்ரோலர் பிடித்து வளர்ந்த தலைமுறைக்கு இதில் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை. வேகமும் இதில் இயல்பாக வருகிறது. டிக்டாக் என்று அழைக்கப்படும் வித்தையில் ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் மூக்கையும் வாலையும் மாற்றி மாற்றி ஆட்டும்போது, கலெக்டிவ் ஸ்டிக் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரு நொடிக்குள் பாய்ந்து திரும்ப வேண்டும். அந்த வீச்சுக்குக் குட்டை ஸ்டிக்கும் தனித்த கட்டைவிரலும் நன்றாகப் பொருந்துகின்றன. 3டி ஓட்டுபவர்களில் கட்டைவிரல்காரர்கள் நிறையப் பேர் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

அதன் பலவீனம் கட்டைவிரலின் அமைப்பிலேயே உள்ளது. கட்டைவிரல் தன் அடிமூட்டைச் சுற்றிச் சுழலும் உறுப்பு. அது நேர்கோட்டில் மேலும் கீழும் போவதற்காக அமைந்ததில்லை. ஸ்டிக்கை நேராக மேலே தள்ளுவதாக நாம் எண்ணினாலும் நுனி சற்று வளைந்தே செல்லும். மோடு 2 இல் இடது ஸ்டிக்கில் கலெக்டிவும் ரட்டரும் சேர்ந்திருப்பதால், கலெக்டிவை ஏற்றும்போது கொஞ்சம் ரட்டரும் கலந்துவிடுகிறது. வாலை நிலையாக வைக்கும் இன்றைய ஹெடிங் ஹோல்டு ஜைரோ, ரட்டர் ஸ்டிக்கின் நிலையைச் சுழற்சி வேகத்துக்கான கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறது. ஆதலால் அந்தக் கலப்பு, வால் மெல்லத் திரும்புவதாக வெளிப்படும். ஸ்டிக்கின் நடுவில் சில சதவீதம் டெட்பேண்ட் (அசைவு கணக்கில் வராத பகுதி) வைத்தால் இது பெருமளவு மறையும். வலது ஸ்டிக்கில் அத்தகைய மறைப்பு எளிதில்லை. முன்னோக்கிக் குட்டிக்கரணம் போடும்போது பக்கவாட்டுச் சைக்ளிக் சிறிதளவு கலந்தாலும், கரணம் முடியும்போது ஹெலிகாப்டர் தொடங்கிய திசையிலிருந்து விலகி நிற்கும். புதியவர்கள் இதை ஸ்வாஷ்பிளேட் (ஸ்டிக் கட்டளையைப் பிளேடுகளுக்குக் கடத்தும் தட்டு) அமைப்பின் கோளாறு என்று எண்ணி இணைப்புக் கம்பிகளைத் திருகிக்கொண்டிருப்பது வழக்கம். அதற்கு முன் டிரான்ஸ்மிட்டரின் மானிட்டர் திரையைத் திறந்து, ஸ்டிக்கை நேராகத் தள்ளும்போது மற்ற கட்டளையின் சேனலும் அசைகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இருவிரல் பிடியில் இந்தக் கலப்பு குறைகிறது; ஸ்டிக்கின் இரு பக்கங்களிலும் விரல் இருப்பதால் அது எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது தொடு உணர்வாகவே தெரிகிறது. கோலம் போடுபவர் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மாவைப் பிடித்து இழையின் தடிமனை அடக்கி ஆளும் நுட்பம் இதுவே. ஹோவர், மெதுவாக எட்டு வடிவில் பறப்பது, அசல் ஹெலிகாப்டரின் அச்சாக அமைந்த ஸ்கேல் மாதிரியை நிதானமாக இறக்குவது, சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் எஃப்3சி என்ற ஹெலிகாப்டர் போட்டிப் பிரிவுக்கான துல்லியப் பயிற்சிகள் ஆகியவற்றில் இந்த நுட்பம் நேரடியாகப் பயன்படுகிறது. ஸ்டிக்கைத் தள்ளுவதற்கு ஒரு விரலும் இழுப்பதற்கு மறு விரலும் இருப்பதால், ஸ்பிரிங்கை எதிர்த்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டிய களைப்பும் குறைவு. வியர்வையில் நுனி வழுக்கும் தொல்லையும் இதில் மிகக் குறைவு, ஏனெனில் விரல்கள் ஸ்டிக்கை அணைத்திருக்கின்றன, மேலே வெறுமனே அமர்ந்திருக்கவில்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சுட்டுவிரல் ஸ்டிக்கைப் பிடிக்கப் போய்விடுவதால், எடையைத் தாங்க ஒவ்வொரு கையிலும் மூன்று விரல்களும் உள்ளங்கையின் ஓரமும்தான் மிஞ்சுகின்றன. முழு அளவு டிரான்ஸ்மிட்டர்கள் பேட்டரியோடு சேர்ந்து ஒரு கிலோவை ஒட்டியவை. அதை இந்த மூன்று விரல்களில் ஏந்திக்கொண்டே கட்டைவிரலால் அரை மில்லிமீட்டர் அசைவு செய்ய முயல்பவருக்கு முன்கைத் தசைகள் இறுகிவிடும். இறுகிய கையின் நடுக்கம் அப்படியே ஹெலிகாப்டருக்குப் போய்ச்சேரும். இருவிரல் பிடியை ஒரு நாள் முயன்று பார்த்துவிட்டு, தமக்கு ஒத்துவரவில்லை என்று கைவிடுபவர்கள் பெரும்பாலும் கைவிட்டது இந்தச் சுமையையே. கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டு முயன்றிருந்தால் அவர்களில் பலர் வேறு முடிவுக்கு வந்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எடையைப் பற்றிய இந்தப் பேச்சு பழைய காலத்தில் இன்னும் அழுத்தமாக இருந்தது. ஐரோப்பாவில் 35 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசைகளில் பறந்த நாட்களில் டிரான்ஸ்மிட்டரின் முன்னால் ஒரு மீட்டருக்கும் மேல் நீளும் உலோக ஆன்டெனா நின்றது. அதன் எடை கருவியை முன்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கும். ஸ்பெக்ட்ரம் நிறுவனம் 2005 இல் டிஎக்ஸ்6 டிரான்ஸ்மிட்டரை வெளியிட்டு 2.4 கிகாஹெர்ட்ஸைப் பரவலாக்கிய பின் ஆன்டெனா விரல் நீளத்துக்குச் சுருங்கியது, முன்பாரமும் போயிற்று. பட்டையில்லாமல் கையில் ஏந்தி ஓட்டுவது அதன்பின் எளிதானது. ஆன்டெனா சுருங்கினாலும் அது பார்க்கும் திசை இன்றும் முக்கியமானது: ஆன்டெனாவின் நுனி நேராக ஹெலிகாப்டரைக் குறிபார்த்தால் அந்தத் திசையில் சிக்னல் மிகவும் வலுக்குறைவு. டிரான்ஸ்மிட்டரை மார்பளவில் நிமிர்த்திப் பிடிப்பவருக்கும் வயிற்றளவில் படுக்கையாகத் தொங்கவிடுபவருக்கும் இந்தக் கோணம் வேறுபடும் என்பதால், பிடியை மாற்றியவர் ஆன்டெனாவின் மடிப்பையும் மாற்றியாக வேண்டும்.

தாங்குதட்டு என்பது அடிப்படையில் ஜெர்மனியின் வழி. அங்கே கிராப்னரின் எம்சி வரிசை, மல்டிபிளக்ஸின் ராயல் போன்ற அகன்ற, படுக்கையான டிரான்ஸ்மிட்டர்கள் பல்லாண்டுகள் புழக்கத்தில் இருந்தன. செக் நாட்டின் ஜெட்டி நிறுவனம் ஒரே தலைமுறைக் கருவியைத் தட்டு வடிவில் டிசி-16 என்றும் கைப்பிடி வடிவில் டிஎஸ்-16 என்றும் இரண்டாக விற்றது. வாங்குபவர் பிடியை முதலில் தீர்மானித்துவிட்டுக் கருவியை எடுக்கும் பண்பாடு அங்கே வேரூன்றியிருப்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. தட்டில் எடை முழுவதும் தோளுக்கோ கழுத்துக்கோ போய்விடுகிறது; மணிக்கட்டும் உள்ளங்கையின் அடியும் தட்டில் சாய்ந்திருப்பதால் விரல்களுக்கு நிலையான ஆதாரம் கிடைக்கிறது. குளிர் நாடுகளில் தட்டையும் கைகளையும் சேர்த்து மூடும் கையுறைப் பையும் விற்கிறார்கள். கைப்பிடி வடிவ டிரான்ஸ்மிட்டரைப் பொருத்திக்கொள்ளும் தனித் தட்டுகளும் கிடைக்கின்றன. ஸ்கேல் ஹெலிகாப்டரை நெடுநேரம் ஓட்டுபவருக்கும், தோளிலோ விரல் மூட்டிலோ வலி உள்ளவருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கனமும் விலையும் பெட்டியில் அடைக்க முடியாத அளவும் இதன் குறைகள். வேகமான 3டி ஓட்டத்தில் உடலைத் திருப்பிக்கொண்டே ஓட்டுபவருக்குத் தட்டு ஓர் இடைஞ்சலாகவும் தோன்றலாம்.

தட்டுக்கும் வெறுங்கைக்கும் நடுவில் நிற்பது கழுத்துப் பட்டை. மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றத்தைத் தருவது இதுவே. விமானம் ஓட்டுபவர் ஒரு கையால் விமானத்தை எறிய வேண்டியிருக்கும்போது பட்டை குறுக்கே வரலாம். ஹெலிகாப்டர் தரையிலிருந்து தானே எழுவதால் நமக்கு அந்தத் தடை இல்லை. பட்டையின் கொக்கி கருவியின் எடை மையத்துக்கு நேராக அமைய வேண்டும்; அமையாவிட்டால் டிரான்ஸ்மிட்டர் முன்னாலோ பின்னாலோ சாய்ந்து, அதை நிமிர்த்துவதற்கே விரல்கள் உழைக்கும். இதற்கென விற்கும் சிறிய சமநிலைத் தகட்டைத் திருகிக்கொண்டால் தீர்ந்தது. ஓர் எச்சரிக்கையும் அவசியம்: டிரான்ஸ்மிட்டரைக் கழுத்தில் தொங்கவிட்டபடி குனிந்து ஹெலிகாப்டரை எடுக்கும்போது ஸ்டிக்கோ ஸ்விட்சோ உடலில் பட்டு நகரக்கூடும். மோட்டாரை நிறுத்தி வைக்கும் த்ராட்டில் ஹோல்டு ஸ்விட்சைப் போட்டு, ரோட்டார் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே நெருங்க வேண்டும். பேட்டரியைக் கழற்றும்வரை டிரான்ஸ்மிட்டரைப் பிடித்த கையை அந்த ஸ்விட்சின் மேல் வைத்திருக்க வேண்டும்.

த்ராட்டில் ஹோல்டு என்ற இந்த ஸ்விட்சே, என் பார்வையில், ஒப்பீட்டின் அடுத்த பெரிய அளவுகோல். 700 வகைப் பெரிய ஹெலிகாப்டரின் ரோட்டார் விட்டம் ஏறத்தாழ 1.58 மீட்டர், அது நிமிடத்துக்கு 2100 சுற்று சுழலும்போது பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 620 கிலோமீட்டரைத் தாண்டும். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், ஒரு பூங்காவில் தன் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்த 19 வயது இளைஞர் அதன் ரோட்டார் தாக்கி உயிரிழந்தார். இத்தகைய பொருளின் மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச், கண்ணால் தேடாமல், யோசிக்காமல் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கட்டைவிரல் பிடியில் சுட்டுவிரல் தோள் பகுதி ஸ்விட்சின் மேலேயே ஓய்வெடுக்கிறது. கட்டைவிரல் கலெக்டிவை விடாமலே ஹோல்டைப் போட்டுவிடலாம். மோட்டார் நின்ற கணத்திலும் கலெக்டிவைக் கையாண்டு ஆட்டோரொட்டேஷனில் (மோட்டார் இல்லாமல் ரோட்டாரின் சுழற்சியைக் கொண்டே) இறக்க வேண்டியிருக்கும் என்பதால் இது சாதாரண வசதி அன்று. இருவிரல் பிடியில் சுட்டுவிரல் ஸ்டிக்கைவிட்டு எழ வேண்டும். அந்தக் கணத்தில் கட்டைவிரல் மட்டுமே ஸ்டிக்கில் நிற்கும். இதற்குத் தீர்வு உண்டு: ஹோல்டை நடுவிரல் எட்டும் ஸ்விட்சுக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது ஸ்டிக்கின் தலையிலேயே ஸ்விட்ச் பொருத்திய ஜிம்பலை (ஸ்டிக்கைத் தாங்கும் பொறியமைப்பை) வாங்கலாம். எட்ஜ்டிஎக்ஸ் போன்ற டிரான்ஸ்மிட்டர் மென்பொருளில் எந்த ஸ்விட்சுக்கும் எந்த வேலையையும் கொடுக்க முடியும் என்பதால் முதல் வழிக்குச் செலவே இல்லை. இருவிரல் பிடிக்காரர் ஒருவர் கருவியோடு வந்த ஸ்விட்ச் அமைப்பை மாற்றாமல் அப்படியே ஓட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

பிடியை முடிவு செய்த பிறகு கருவியையும் அதற்கு ஏற்பச் சீர்செய்ய வேண்டும். ஸ்டிக் நுனிகள் கழற்றி மாற்றக்கூடியவை. தயாரிப்பைப் பொறுத்து எம்3 அல்லது எம்4 மரையில் திருகப்பட்டிருக்கும். கட்டைவிரலுக்குக் குட்டையான, தலையில் குழியோ பற்களோ உள்ள நுனி. இருவிரலுக்கு நெட்டையான, பக்கவாட்டில் சொரசொரப்பான நுனி. சைக்ளிக் ஸ்பிரிங்கின் இறுக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரலுக்குச் சற்று இறுக்கமான ஸ்பிரிங் ஒரு சாய்மானத்தைத் தரும், இருவிரலுக்குத் தளர்வானதே நல்லது. கலெக்டிவ் ஸ்டிக்கில் விமானங்களுக்கென வரும் பல்சக்கரத் தகட்டை நீக்கிவிட்டு வழுவழுப்பான உராய்வுத் தகட்டை மட்டும் வைப்பது எந்தப் பிடிக்கும் பொருந்தும். கடகடவென்று படிப்படியாக நகரும் ஸ்டிக்கால் நல்ல ஹோவர் வராது. ரேடியோமாஸ்டர் ஜோரோ போன்ற சிறிய, கேம் கன்ட்ரோலர் வடிவக் கருவியை வாங்கியவர் கட்டைவிரலையே தேர்ந்துவிட்டார் என்று பொருள். டிஎக்ஸ்16எஸ் போன்ற முழு அளவுக் கருவி இரண்டு பிடிகளுக்கும் இடம் தருகிறது. முடிவெடுக்காதவர் இரண்டாவது வகையை வாங்குவதே சரி.

முப்பது வயதைக் கடந்து, கேம் கன்ட்ரோலர் பழக்கம் இல்லாமல் இந்தத் துறைக்கு வருபவருக்குக் கழுத்துப் பட்டையோடு கூடிய இருவிரல் பிடியையே சொல்வேன். ஹோவரில் கிடைக்கும் நிதானம் முதல் மாதங்களின் அச்சத்தை வெகுவாகக் குறைக்கும். கன்ட்ரோலரில் ஏற்கெனவே தேர்ந்த கைகளை உடைய இளைஞரை அதிலிருந்து பிரிக்க முயல்வது வீண்; அவர் கட்டைவிரலிலேயே தொடரட்டும், பட்டையை மட்டும் மாட்டிக்கொள்ளட்டும். நீளமான கட்டைவிரல் உள்ளவர் குட்டை ஸ்டிக்கில் மடங்கிய விரலோடு அவதிப்படுவதைவிடக் கலப்புப் பிடியை முயல்வது நல்லது. துல்லியப் போட்டியையோ ஸ்கேல் மாதிரிகளையோ நோக்கமாகக் கொண்டவர் தட்டையும் சேர்த்துப் பரிசீலிக்க வேண்டும். ஒரு பிடியில் சிறந்த ஓட்டுநர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக அதைத் தேர்வது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனெனில் ஒவ்வொரு பிடியிலும் சிறந்தவர்கள் இருக்கிறார்கள்.

பல ஆண்டுகள் ஒரு பிடியில் ஓட்டியவர் மாற விரும்பினால், ரியல்ஃபிளைட், நெக்ஸ்ட் போன்ற சிமுலேட்டரில், களத்தில் பயன்படுத்தும் அதே டிரான்ஸ்மிட்டரை இணைத்து மாற வேண்டும். இரண்டு கைகளையும் ஒரே நாளில் மாற்றாமல், மோடு 2 இல் கலெக்டிவும் ரட்டரும் உள்ள இடது கையை முதலில் மாற்றி, நான்கு திசைகளிலும் மூக்கைத் திருப்பிய ஹோவர் பழைய நிதானத்தோடு வரும்வரை வலது கையைப் பழைய பிடியிலேயே வைத்திருப்பது பாதுகாப்பானது. ஒரு கை இருவிரலிலும் மறு கை கட்டைவிரலிலும் இருப்பதே வசதியாகப் பட்டால் அங்கேயே நின்றுவிடலாம், அதில் குறையேதும் இல்லை. அவசர நேரத்தில் கை பழைய பிடிக்குத் தானாகத் தாவும் கட்டம் ஒன்று வரும். சிமுலேட்டரில் வேண்டுமென்றே ஹெலிகாப்டரைத் தலைகீழாகத் தாழ்வாக நிறுத்தி, அதிலிருந்து மீளும்போது விரல்கள் புதிய இடத்திலேயே நிற்கின்றனவா என்று பார்த்தால் அந்தக் கட்டம் கடந்ததா என்பது தெரியும். அதன்பின் களத்துக்குப் போகலாம். அங்கும் முதல் பேட்டரியை மாட்டுவதற்கு முன், டிரான்ஸ்மிட்டரை மட்டும் இயக்கி, கண்களை மூடிக்கொண்டு புதிய பிடியிலிருந்து ஹோல்டு ஸ்விட்சைப் பலமுறை தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.